ஒரே தாளத்தில் ஒரு கலியாணம்

மச்சாள்,

போன கிழமை மகள் வீட்டு வாசலில் புதிதாக அழைப்பு மணி பூட்டியிருந்தார்கள். வெள்ளைச் சதுரத்துக்குள் சின்ன வட்டப் பொத்தான். அமத்தினேன், உள்ளே மணி அடித்தது. விரலை எடுத்தேன், நின்றது. திரும்பவும் அமத்தி, நாலு எண்ணும்வரை பிடித்து, ஐந்தாவதில் விட்டேன். பிறகு இரண்டுக்குப் பிடித்து விட்டேன். எத்தனை தரம் செய்தேனோ தெரியாது. மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அப்பா, உள்ளுக்கு ஆக்கள் செவிடில்ல!" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாசலிலேயே செருப்புடன் நின்று சிரித்தேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம் என்றால் நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது.

உங்கள் நினைவு ஆராதனையில் எல்லாரும் பேசினார்கள். முப்பது வருடம் வேதக் கோயிலில் ஓகன் வாசித்ததைச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்ததைச் சொன்னார்கள், உங்கள் பொறுமையைச் சொன்னார்கள். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள் சிரிப்பு முட்டியது. பேச வருமாறு போதகர் என்னையும் கூப்பிட்டார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். எழும்பி நின்றால் றிதம் பொக்ஸ் பற்றித்தான் கதைத்திருப்பேன். கதைத்தால் சிரித்திருப்பேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நம்முடைய குழுவில் முதலில் நாலு பேர். நீங்கள் கீபோட், நான் ட்ரம், தேவன் பாட்டு, கிற்றாருக்கு ஒருவர். கிற்றார்காரர் கொழும்புக்குப் போனபின் மூன்று பேர். பகலில் எனக்கு வெல்டிங் வேலை, உங்களுக்குப் பள்ளிக்கூடம், தேவனுக்கு அவன் அண்ணனின் பலசரக்குக் கடை. கலியாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று யார் கூப்பிட்டாலும் போவோம். யுத்த காலத்தில் யார் கலியாணம் கட்டினார்கள் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாரும்தான் கட்டினார்கள். ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் முடித்தார்கள், அவ்வளவுதான்.

என் ட்ரம்மால்தான் பிரச்சினை வந்தது. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒவ்வொரு ட்ரம்மாகத் தோலைக் கழற்றி உள்ளே காட்டவேண்டும். பூட்டுவதற்குள் அடுத்த சாவடி வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். ஆனால் நகரத்து மண்டபம் ஒன்றில், மாப்பிள்ளை மேடையேறும் நேரத்தில் நான் பெரிய ட்ரம்மை ஓங்கி மிதித்தேனே, நினைவிருக்கிறதா? முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் முழுதும் ஒரே பாய்ச்சலில் மேசைக்குக் கீழே போய்விட்டது. பிறகு ஒவ்வொருவராக எழும்பி, தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சாப்பாடு போடும்வரை மேசையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு எங்களைக் கூப்பிட வந்தவர்கள், "ட்ரம் கொஞ்சம் மெதுவா அடிப்பாரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சிலர் கூப்பிடவே வரவில்லை.

அப்போதுதான் சுவிஸில் இருந்த உங்கள் தம்பி அந்தப் பெட்டியை ஆரோ வந்தவரிடம் கொடுத்தனுப்பினான். ஒரு பாட்டுப் புத்தகத்தின் அளவு. முன்னால் ஒரே வரிசையில் பதினாறு சின்னப் பொத்தான்கள். அவற்றின்மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் இடமிருந்து வலமாக ஓடும். எந்தப் பொத்தானை அமத்தி வைக்கிறோமோ, வெளிச்சம் அங்கே வரும்போது அந்த அடி விழும். பதினாறும் முடிந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து. கூட வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. ஊரில் வாசிக்க ஒருவரும் இல்லை. நீங்கள் ஒவ்வொரு பொத்தானாக அமத்தி அமத்தி, ஒரு மாதத்தில் அதைப் பழக்கி எடுத்துவிட்டீர்கள்.

எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தேன். என் ட்ரம் மூலைக்குத் தள்ளப்பட்டு, அதன்மேல் ஒரு பூப்போட்ட கட்டில் விரிப்புப் போர்த்தியிருந்தது. நடுவில், மேசையில், அந்தப் பெட்டி 'டும் சக்க டும்' என்று வாசித்துக்கொண்டிருந்தது. தேவன் அதற்குப் பாடிக்கொண்டிருந்தான். பாவி, நல்லாகவும் பாடினான்.

"இது என்ன மச்சாள்?"

"றிதம் பொக்ஸ். தம்பி அனுப்பின. கேளு, எவ்வளவு சரியாப் போகுதெண்டு."

"அப்ப நான்?"

நீங்கள் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தீர்கள். நிறுத்தியிருந்தால் நான் நின்றிருப்பேன். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பாலத்தால் போகும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. காற்றால் வந்தது என்று நீண்டகாலம் சொல்லி வந்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், காற்றே இல்லை.

மூன்று கிழமை நான் அந்தப் பக்கம் வரவில்லை. நாலாவது கிழமை நீங்களே வந்தீர்கள். சைக்கிள் கரியரில் துவாயால் சுற்றிய பெட்டி, கைப்பிடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் வெல்டிங் கொட்டிலில், இரும்புத் துண்டுகளுக்கு நடுவில், அதைத் திறந்து வைத்தீர்கள்.

"மச்சான், நான் ஒரு பிழை விட்டுட்டன்."

"என்ன பிழை?"

"இது சரியா வாசிக்குது. அதான் பிழை. தேவன் மூச்செடுக்கிற இடம் இதுக்குத் தெரியாது. அவன் ஒரு வரியை இழுத்தா இது காத்திருக்காது. சபை எழும்பி ஆடினாலும் இதுக்குத் தெரியாது. நேற்றைய கலியாணத்தில மூணு மணித்தியாலம் அரிசி ஆலை மெசின் ஓடின மாதிரி இரிந்த."

எனக்கு உள்ளே இனித்தது. முகத்தில் காட்டவில்லை.

"எனக்கு ரெண்டு கை. ரெண்டும் கீபோட்டில. இஞ்ச பார், இந்தப் பக்கத்தில மூணு பொத்தான் இரிக்கு. ஆரும் ஒராள் இதப் பிடிக்கோணும்."

அந்த மூன்று பொத்தான்களை நீங்கள் எனக்கு அறிமுகப்படுத்திய விதத்தை மறக்கமாட்டேன். முதலாவதை அமத்தினால், அந்தக் கணத்தில் விழுந்த அடி மட்டும் 'டரரரரர்' என்று திரும்பத் திரும்ப உருளும். இரண்டாவதை அமத்தினால் கீழ்ச்சத்தம் எல்லாம் மறைந்து சல்லரியின் 'சிக் சிக்' மட்டும் மிஞ்சும். மூன்றாவது, வாவித் தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கரையில் அடிக்கும் மேளத்தைக் கேட்பதுபோல எல்லாவற்றையும் மங்கச் செய்யும். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று. பிடித்திருக்கும்வரைதான் இருக்கும். விரலை எடுத்த கணமே பழைய தாளம், ஒன்றும் நடக்காததுபோல.

"அப்ப, நான் பிடிச்சிரிந்த நேரத்தில அந்தத் தாளம் எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காது. உள்ளுக்கு ஓடிக்கொண்டுதான் இரிக்கும். நீ விடக்குள்ள அது எங்க வந்திரிக்கோணுமோ அங்க வந்திரிக்கும்."

நான் நம்பவில்லை. காலால் எண்ணிக்கொண்டு பிடித்தேன், ஏழில் விட்டேன், எட்டாவது அடி சரியாக விழுந்தது. பதின்மூன்றில் விட்டேன், பதினாலு விழுந்தது. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அது ஆறிப்போகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரம்வரை சோதித்தேன். ஒரு தரமும் அது பிழைக்கவில்லை. பிழைத்தது எல்லாம் என் கைதான். அமத்த எனக்குத் தெரிந்திருந்தது, எத்தனையோ வருடம் ட்ரம் அடித்த கை. விடத்தான் தெரியவில்லை. அரைக் கணம் பிந்தி விட்டால் பாட்டு தடுக்கி விழுந்ததுபோல இருக்கும்.

"தேவன்ர தோளைப் பார்," என்றீர்கள். "வாயைப் பாக்காத. மூச்செடுக்கிறதுக்கு முதல் தோள் எழும்பும். தோள் எழும்பக்குள்ள பிடி, பாட்டு வாயால வரக்குள்ள விடு."

இப்படித்தான் மச்சாள், வேலை போன ட்ரம்காரன் பொத்தான்காரன் ஆனான்.

முதல் கலியாணத்திலேயே மானத்தை வாங்கினேன். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த சந்தோசத்தில் ஒரு வரியைக்கூடச் சும்மா விடவில்லை. எல்லா இடத்திலும் 'டரரரர்'. பாட்டு முடிந்ததும் தேவன் மைக்கைப் பொத்திக்கொண்டு, "மனே, எனக்கு விக்கல் வந்த மாதிரி இரிக்கு, கொஞ்சம் பாட விடுகா" என்றான். அன்றிலிருந்து நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். ஒரு பாட்டுக்கு மூன்று தரம்தான். மிச்ச நேரம் நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருக்கவேண்டும். மேடையில் கைமேல் இருந்து வாசித்த ஒரே கலைஞன் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு இன்னொரு சிக்கல். வெல்டிங் செய்த தடித்த விரலுக்கு அந்தப் பொத்தான்கள் மிளகளவு. இரண்டை ஒரேயடியாக அமத்திவிடுவேன். பெட்டியின் பின்னால் காலால் மிதிக்கும் சுவிச் பூட்ட ஒரு ஓட்டை இருந்தது. நாமே செய்யலாம் என்று, ஒரு பிஸ்கற் ரின்னில் வீட்டு லைற் சுவிச் ஒன்றைப் பூட்டி வயர் இழுத்தேன். ஒத்திகையில் அமத்தினேன், 'டரரரர்' உருண்டது. கையை எடுத்தேன், இன்னும் உருண்டது. தேநீர் குடித்துவிட்டு வந்தும் உருண்டிருக்கும்.

"இது லைற் போடுற சுவிச் மச்சான். போட்டாப் போட்டபடி இரிக்கும். கை எடுத்தா நிக்கிற சுவிச் வேணும்."

"அப்பிடி என்ன சுவிச்?"

"கோலிங் பெல்."

கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். முந்தின வருடம் விழுந்த ஷெல்லில் எங்கள் வீட்டு முன்கதவு போனதும் தெரியும். "உங்கட வீட்டில கதவே இல்லையே, பெல் என்னத்துக்கு?" என்றார். "வாறாக்கள் பெல்லை அடிச்சா, கதவு இல்லையெண்டு நான் உள்ள இரிந்து சொல்லுவன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவர் விலையைக் குறைத்துவிட்டார்.

அந்தப் பிஸ்கற் ரின்தான் எங்களைக் கொக்கட்டிச்சோலைப் பக்கக் கலியாணத்தில் கொண்டுபோய் மாட்டியது.

வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரை. அங்கே போவதென்றால் துறையில் இராணுவச் சோதனை முடித்து, பாதையில் ஏறவேண்டும். மிதவைக்கு நம் ஊரில் பாதை என்றுதானே பெயர். காலை எட்டு மணிக்கே துறைக்குப் போனோம். கீபோட்டைப் பார்த்தார்கள், சரி. ஸ்பீக்கரைப் பார்த்தார்கள், சரி. பிறகு என் பையைத் திறந்தார்கள். சின்ன விளக்குகள் வைத்த கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முடிவில் ஒரு ரின், ரின்னின் நடுவில் அமத்தும் பொத்தான்.

இப்போது யோசித்தால், எனக்கே பயமாக இருக்கிறது. நான் சிப்பாயாக இருந்திருந்தாலும் அதைக் கண்டு ஓடியிருப்பேன்.

ஒரு நொடியில் எங்களைச் சுற்றி ஒருவரும் இல்லை. வரிசையில் நின்ற சனம் பின்னால் போய்விட்டது. துவக்குகள் எல்லாம் எங்கள் பக்கம். "மே மொகத?" என்று ஒருவர் கத்தினார். இது என்ன என்று கேட்கிறார் என்பது விளங்கியது, நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். தேவன் நிலத்தில் குந்திவிட்டான். நீங்கள் கோயிலுக்குக் கட்டும் அந்த வெளிர்நீலச் சீலையில் நேராக நின்று, "மியூசிக், மஹத்தயா. மங்கள கெதர" என்றீர்கள். கலியாண வீட்டுக்குப் போகிறோம் என்று. உங்களுக்குத் தெரிந்த சிங்களம் முழுதும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவர்களின் மேலதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். மியூசிக் என்றால் வாசித்துக் காட்டவேண்டும் என்றார். காவலரணில் இருந்து ஒரு நீண்ட வயர் இழுத்து மின்சாரம் தந்தார்கள். நான் மட்டும் வெட்டவெளியில் ரின்னோடு இருக்கவேண்டும், பொத்தானை நான்தான் அமத்தவேண்டும், மற்றவர்கள் எல்லாம் மண்மூட்டைக்குப் பின்னால். தேவன் போனான். உங்களையும் போகச் சொன்னார்கள். நீங்கள் போகவில்லை. வந்து என் பக்கத்தில் மண்ணில் இருந்தீர்கள்.

"போங்க மச்சாள்," என்றேன்.

"உன்னத் தனியா விட்டா நீ எண்ணுறதில பிழை விடுவாய்."

பெட்டியைப் போட்டீர்கள். பைலா, சிங்கள ஆட்டத்துக்கு வாசிக்கும் தாளம். சிவப்பு வெளிச்சம் ஓடத் தொடங்கியது. ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ரின்னை அமத்தினேன். 'டரரரரர்!' மண்மூட்டைக்குப் பின்னால் தலைகள் எல்லாம் குனிந்தன. விட்டேன். பைலா தன்பாட்டில் போனது.

பிறகு ஒரு குரல் கேட்டது. "ஆயெத்." இன்னொரு தரம்.

அமத்தினேன், விட்டேன். இரண்டு தலைகள் எழும்பின. மூன்றாம் தரம் யாரோ கைதட்டினார்கள். நாலாம் தரம் ஒரு கோப்ரல் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் குந்தி, தானும் அமத்தவேண்டும் என்று சைகை காட்டினார். அமத்தினார், விடவே மாட்டேன் என்கிறார். முகத்தில் அப்படியொரு சந்தோசம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையால் நீங்கள் அவரைப் பார்த்து, விரலை உயர்த்தி, "தென்... அதாரின்ன!" என்றீர்கள். இப்போது விடு. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், வரிசையில் நின்ற சனமும். முட்டைக் கூடையோடு நின்ற ஒரு பெண் இடுப்பைக்கூட அசைத்தாள்.

விட்டுவிட்டார்கள். ஆனால் பெட்டியின் அடியில் மூடியைத் திறந்து பார்த்த கோப்ரல் தலையைச் சொறிந்தார். உள்ளே மூன்று பற்றரிகள். "பெட்டரி பே" என்றார். அக்கரை இயக்கத்தின் பக்கம், வெடிகுண்டுக்கு உதவும் என்று பற்றரி கொண்டுபோகக் கூடாது, சட்டம். அவர் வருத்தத்தோடுதான் அவற்றைக் கழற்றினார்.

உங்கள் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். அந்தப் பெட்டியின் ஞாபகம் முழுதும் அந்த மூன்று பற்றரியில் இருந்தது. நீங்கள் மாதக் கணக்கில் இருந்து எழுதிய நாற்பத்திரண்டு பாட்டுகளின் தாளம். காவலரணின் மின்சாரம் ஓடும்வரை இருக்கும், பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும். தாளங்களை எழுதி வைத்த கொப்பி வீட்டில். பாதை கரைக்கு வந்துவிட்டது, பாதைக்காரர் கூப்பிடுகிறார்.

நீங்கள் பிளக்கில் கையை வைத்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"நாப்பத்திரண்டு பாட்டு, மச்சான்."

"ஓம் மச்சாள்."

"ஆமென்," என்று பிடுங்கினீர்கள்.

பாதையில் தேவன் ஒரே புலம்பல். "மறுகா நான் என்னத்துக்குப் பாடுற? வெறும் பெட்டியைக் கொண்டுபோய் என்ன செய்யிற?" நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அக்கரையில் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, வட்டைக்கு நடுவால், இரண்டு பக்கமும் பச்சை வயலாக, எங்களைக் கொண்டுபோனார்கள்.

கலியாண வீட்டில் பெண்ணின் தாய் முற்றத்துக்கே வந்து உங்கள் கையைப் பிடித்தார். "எங்கட வீட்டில ஒரு வருசமா றேடியோவும் போடல்ல, தங்கச்சி. மூத்தவன் போனாப் பிறகு ஒரு சத்தமும் இல்ல. புள்ளைர கலியாணத்துக்குப் பாட்டுப் போடோணும் எண்டு நான்தான் ஒத்தைக் காலில நிண்டன். இந்தப் பந்தலுக்குள்ள சனம் சிரிக்கிற சத்தம் நான் கேக்கோணும்."

நீங்கள் சிரித்துக்கொண்டு, "கேப்பீங்க அக்கா" என்றீர்கள். திரும்பி வந்து என் காதுக்குள், "ஒரு தாளம் எழுதத்தான் நேரம் இரிக்கு. ஒண்டுதான்" என்றீர்கள். "மிச்சம் நீ."

"நான் என்ன?"

"இண்டைக்குச் சட்டம் இல்ல. கையை வெளியில எடு."

தண்ணீர் இறைக்கும் மோட்டர் எஞ்சினோடு ஒரு ஜெனரேற்றரைக் கட்டி வைத்திருந்தார்கள். பெண்ணின் மாமன் அதற்குக் காவல். அது ஓடத் தொடங்கியதும் நீங்கள் பதினாறு பொத்தானில் சாதாரண நாலடித் தாளம் ஒன்றை எழுதினீர்கள். அதை வைத்துத்தான் அன்று முழுக் கச்சேரி.

மச்சாள், என் வாழ்க்கையில் நான் சிறப்பாக வாசித்த நாள் அதுதான். ஒரே தாளம், ஆனால் ஒருவருக்கும் அது தெரியவில்லை. காதல் பாட்டுக்கு அதைத் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்து, பல்லவி திரும்பி வரும்போது மேலே விட்டேன். பக்திப் பாட்டுக்குக் கீழ்ச்சத்தத்தை மறைத்துச் சல்லரியை மட்டும் ஓட விட்டேன். கூத்துப் பாட்டுப்போல ஒன்றை தேவன் எடுத்தபோது, இரண்டு அடிக்கு ஒரு உருட்டல், மாமன் ஜெனரேற்றரை விட்டுவிட்டு எழும்பி ஆடினார். பென்சிலின் அழிறப்பர் முனையால் சின்னப் பொத்தான்களை அமத்தினேன், மற்றக் கையால் ரின். தேவனின் தோள் எழும்பும்போது பிடித்தேன், குரல் வரும்போது விட்டேன். ஒரு தரமும் பிழைக்கவில்லை. நடுவில் ஒருமுறை உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, கீபோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மாமன் ஆடியது பிழையாகிவிட்டது. எஞ்சினில் எண்ணெய் முடிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இருந்து, பெண்களெல்லாம் கைதட்டத் தொடங்கிய நேரத்தில், 'கொக், கொக்' என்று இருமி அது நின்றது. கீபோட் இல்லை, மைக் இல்லை, தாளம் இல்லை. வெறுமை.

அந்தக் காலத்தில் ஒரு சத்தம் திடீரென்று நின்றால் சனம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கைகள் அந்தரத்தில் நின்றன. தலைகள் வானத்தைப் பார்த்தன. பின்வரிசையில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். பெண்ணின் தாய் வாசல் நிலையைப் பிடித்தார்.

நான் யோசிக்கவில்லை. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ரின்னை மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் அடித்தேன். அதே தாளம், நின்ற இடத்திலிருந்து. தேவன் ஒரு கணம் திகைத்து, பிறகு மைக்கைக் கீழே போட்டுவிட்டு, தொண்டை கிழிய அடுத்த வரியை எடுத்தான். எழும்பியவர் பிள்ளையோடு நின்றபடி நின்றார். ஒரு கிழவி கைதட்டினாள். பிறகு இன்னும் இரண்டு பேர். நீங்கள் என் பக்கம் குனிந்து ஒரே சொல் சொன்னீர்கள்.

"விடாத."

மாமன் மண்ணெண்ணெய்க்கு ஓடினார். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. விரல் நுனிகள் எரிந்தன. பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்துவிட்டது. எஞ்சின் திரும்பவும் உயிர் பிடித்தபோது பெட்டியில் விளக்கு எரிந்தது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. நீங்கள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, நான் அடிக்க அடிக்க, பதினாறையும் மறுபடி எழுதினீர்கள். எழுதி முடித்து, தொடங்கும் பொத்தானில் விரலை வைத்து, பெட்டியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தீர்கள். நான் ஒன்றில் அடித்தேன், நீங்கள் ஒன்றில் அமத்தினீர்கள். சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினீர்கள். என் கையும் பெட்டியும் ஒரே அடியாக விழுந்துகொண்டிருந்தன, எது எதென்று எனக்கே தெரியவில்லை.

"இப்ப எடு," என்றீர்கள்.

எடுத்தேன். என் கை நின்றது, தாளம் நிற்கவில்லை. பந்தல் அப்படியே பொங்கிவிட்டது. பெண்ணின் தாய் வாசல் நிலையை எப்போதோ விட்டிருந்தார். கைதட்டிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாமல் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிரவு அங்கேயே தங்கி, அடுத்த நாள் காலை திரும்பியபோது துறையில் அதே கோப்ரல் இருந்தார். மூன்று பற்றரிகளையும் ஒரு பேப்பரில் சுற்றி, சட்டைப் பையில் வைத்திருந்து தந்தார். ஒரு நிபந்தனை, தான் இன்னொரு தரம் அமத்தவேண்டும். மின்சாரம் இழுக்க நேரமில்லை என்றோம். பரவாயில்லை என்று அமத்தி, 'டரரரர்' சத்தத்தைத் தானே வாயால் போட்டார். நீங்கள் விரலை உயர்த்தியதும் நிறுத்திவிட்டார். பழகிவிட்டார் மனிதர்.

நாற்பத்திரண்டு பாட்டையும் நீங்கள் திரும்ப எழுத ஐந்து மாதம் பிடித்தது. சில முந்தியதைவிட நன்றாக வந்தன என்று சொன்னீர்கள். மேலும் நாலைந்து வருடம் வாசித்தோம். பிறகு உப்புக்காற்றில் பெட்டி ஒவ்வொரு பொத்தானாக ஊமையானது, தேவன் கனடாவுக்குப் போனான், நீங்கள் ஓகனோடு இருந்துவிட்டீர்கள். ஆராதனையில் அவர்கள் சொன்ன அந்தப் பொறுமைசாலி அதற்குப் பிறகு வந்தவர்தான். பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆமென் சொன்னவரை அவர்களுக்குத் தெரியாது.

நேற்றுத் தேவன் அழைத்தான். நீங்கள் போன பிறகு முதல் தரம். அவன் காணொளியில் வந்தான், தலையெல்லாம் நரை. கொஞ்ச நேரம் பனியைப் பற்றிக் கதைத்தான், முழங்கால் வருத்தத்தைப் பற்றிக் கதைத்தான். பிறகு, "மச்சாள் கடைசியா என்ன..." என்று தொடங்கினான். அவனுடைய தோள் எழும்பியது. அது பாடுவதற்கு எடுக்கும் மூச்சில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமாக எவரோடு கதைத்தாலும் நான் வாயைப் பார்ப்பதில்லை, மச்சாள். மனைவி கோபிக்கப் போவதும், மகள் ஒன்றை மறைக்கப் போவதும், வெல்டிங் கொட்டிலுக்கு வருகிறவர் கடனுக்குக் கேட்கப் போவதும் எனக்கு ஒரு கணம் முந்தியே தெரியும். நீங்கள் தந்தது அது.

அந்தக் கணத்துக்குள் நான் சொன்னேன்: "மனே, விக்கல் வரப்போகுதா?"

தேவன் திகைத்து என்னைப் பார்த்தான். பிறகு அழவிருந்த வாயால் வெடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அங்கே அவன் மனைவி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு அறைக்குள் வர, அவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

உங்கள் மச்சான்.